ஆறு மாதத்து மகாராஜா

பிட்ஸ்பர்க்,
பென்சில்வேனியா.

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

சித்தியின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறதா என்பதை அறிய ஆவல். "அமெரிக்காவில் பனியையும் சம்பளத்தையும் தவிர எழுதுவதற்கு வேறு விஷயமே கிடையாதா?" என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆகையால் இந்தத் தடவை நான் குடியிருக்கும் ராஜ்யத்தைப் பற்றியும், அதை ஆண்டு வரும் மன்னரைப் பற்றியும் சற்று விஸ்தாரமாகவே எழுதிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

ராஜ்யமாவது மன்னராவது என்று தாங்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது இங்கிருந்தே தெரிகிறது. 1776இல் இங்கிலாந்து மன்னரின் ஆதிக்கத்தை உதறிவிட்டு, 1787இல் எழுதிய அரசியல் சாசனத்தில் யாருக்கும் பிரபுப் பட்டம் வழங்கக் கூடாதென்று ஒரு விதியையும் பொறித்து வைத்த தேசம் இது என்பதை, ஆயுள் முழுவதும் சரித்திரம் போதித்த தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட தேசத்தின் பிரஜைகள், திங்கள் முதல் வெள்ளி வரை குடியரசின் சகல சௌகரியங்களையும் அனுபவித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் காரில் ஏறிப் போய், ஒரு ராஜாவின் முன்னால் முழந்தாளிட்டு, அவர் திருக்கரத்தால் பிரபுப் பட்டமும் பெற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை அழுக்குத் துணி துவைக்க வீடு திரும்புகிறார்கள்.

இதன் பூர்வோத்தரம் விசித்திரமானது. 1966ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, கலிஃபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில், பிற்பாடு நாவலாசிரியையாகப் பெயர் பெற்ற டயானா பாக்ஸன் என்பவரின் வீட்டுக் கொல்லைப்புறத்தில், ஐரோப்பிய இடைக்காலத்தின் மீது மோகம் கொண்ட சில வாலிபர்களும் யுவதிகளும் கூடி, அக்காலத்து வீரர்களைப் போல உடுத்திக்கொண்டு, வாட்போர்ப் பந்தயம் ஒன்று நடத்தினார்கள். பெர்க்லி மாணவர்கள் எதையாவது எதிர்த்து ஊர்வலம் போவதை நித்திய கர்மாநுஷ்டானமாக வைத்திருந்த காலம் அது. இவர்களும் அந்த ஊர் தர்மத்துக்குப் பங்கம் வராமல், பந்தயம் முடிந்த கையோடு டெலிகிராஃப் அவென்யூ என்னும் பெருவீதி வழியே ஊர்வலம் போனார்கள். எதை எதிர்த்து என்கிறீர்களா? இருபதாம் நூற்றாண்டை எதிர்த்து! அடுத்த கூட்டத்துக்கு ஒரு பூங்காவில் இடம் பிடிக்கப் போனபோது சங்கத்தின் பெயர் என்னவென்று கேட்கவே, மேரியன் ஸிம்மர் பிராட்லி என்ற எழுத்தாளர் அந்தச் சமயத்துக்குத் தோன்றிய 'சொஸைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்ற நாமதேயத்தைச் சூட்டினார். விண்ணப்பத் தாளுக்காகப் பிறந்த அந்தப் பெயரில் இன்றைக்கு உலகெங்கும் 20 ராஜ்யங்கள் இருக்கின்றன. ஐரோப்பா முழுவதும் அவற்றுள் ஒரே ராஜ்யத்தில் அடங்கிவிடுகிறது. அந்த மே முதல் தேதியிலிருந்து தங்களுக்கென்று ஒரு சகாப்தமும் தொடங்கி, வருஷங்களை ரோமானிய எண்களில் எழுதி வருகிறார்கள்.

எங்கள் ராஜ்யத்தின் பெயர் ஏதெல்மார்க். 1997இல் தனி ராஜ்யமாயிற்று. அதில் பிட்ஸ்பர்க் வட்டாரத்துக்கு 'வழக்கில் உள்ள நிலம்' என்ற பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். கிழக்கு ராஜ்யத்துக்கும் நடு ராஜ்யத்துக்கும் இடையில் முன்காலத்தில் இந்தப் பூமியைக் குறித்துத் தகராறு இருந்ததாம். யுத்தத்தில் தோற்றவர்தான் பிட்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த ஊரின் எஃகு ஆலைப் புகையைப் பற்றி ஒரு காலத்தில் நிலவிய அபிப்பிராயத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இந்த உலகத்துக்கு எனக்கு வழிகாட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். பகலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் சாதுவான மனிதர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய கார் ஷெட்டிலிருந்து கொல்லன் பட்டறைச் சத்தம் கேட்கும். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். மேஜையின் மேல் ஒரு தலைக்கவசம் இருந்தது. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள எஃகுத் தகடு, முகத்துக்கு நேரே கம்பி அழி, உள்ளே ரப்பர் பஞ்சு மெத்தை. பக்கத்தில் வாள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் தங்கள் ஞாபகம் வந்தது, சித்தப்பா. ஏனெனில் அது இரும்பன்று, பிரம்பு! ஒன்றேகால் அங்குலக் கனத்துக்குக் குறையாத சாக்ஷாத் பிரம்பின்மீது சாம்பல் நிற டக்ட் டேப்பைச் சுற்றி வாளாகப் பாவிக்கிறார்கள். தங்கள் வகுப்பறையில் அந்த ஆயுதம் எய்திய புகழை அவருக்கு விளக்கிச் சொன்னேன். தங்களைத் தமது குருவாக வரித்துக்கொள்ள அவர் உடனே சித்தமாகிவிட்டார்.

வாரத்தில் ஒரு மாலை இவர்கள் பயிற்சிக்குக் கூடுகிறார்கள். கோடையில் பூங்கா, குளிர்காலத்தில் ஏதேனும் ஒரு மண்டபம். ஒரு மூலையில் எஃகு அணிந்தவர்கள் மோதிக்கொள்ள, இன்னொரு மூலையில் அம்மையார்கள் லினன் துணியில் கைத்தையல் போட, வேறொருவர் வாத்து இறகைச் சீவிப் பட்டயம் எழுதிக்கொண்டிருக்க, குழந்தைகள் எல்லோர் காலிலும் இடறிக்கொண்டு திரிவார்கள். யுத்த தர்மம் மிகவும் கண்டிப்பானது. கையில் அடிபட்டால் அந்தக் கையை உபயோகிக்கக் கூடாது; தொடையில் பட்டால் முழந்தாளில் நின்றே போரைத் தொடர வேண்டும்; தலையிலோ மார்பிலோ பட்டால் மரணம். முழங்காலிலும் அதற்குக் கீழும் அடிப்பது அதர்மம். தொடையில் அடிக்கலாம் என்பதால் பீமசேனன் இங்கே வந்திருந்தால் அவன்மீது ஒருவரும் விரல் நீட்டியிருக்க முடியாது.

ஆனால் நான் வியந்தது இந்த விதிகளையல்ல. அடி சரியாக விழுந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர் நடுவர் அல்லர், அடிபட்டவரேதான்! மைதானத்தில் மார்ஷல் என்ற பெயரில் கோலும் கையுமாக நிற்பவர்கள், ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்வதற்கும், "ஹோல்ட்!" என்று கூவி எல்லோரையும் அப்படியே நிறுத்துவதற்கும்தான் இருக்கிறார்கள். ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மாமிச பர்வதத்தை, அவருடைய தோளுக்குக்கூட எட்டாத ஒரு பெண்மணி கேடயத்தின் மேல் விளிம்பு வழியாகத் தலைக்கவசத்தில் 'டங்' என்று ஒன்று போட்டதைப் பார்த்தேன். அது உரசிச் சென்ற அடியா, உயிரைக் குடித்த அடியா என்பது அந்தக் கவசத்துக்குள் இருந்த தலைக்கு மட்டுமே தெரியும். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "நல்ல அடி!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, வெட்டுண்ட பனைபோலச் சாய்ந்து, நாடகத்து ராஜபார்ட்டைப் போல ஒரு முனகலும் முனகி உயிரை விட்டார். அம்மையார் கைகொடுத்துத் தூக்கிவிட்டதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். எதற்கெடுத்தாலும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் இந்த நாட்டில், மௌனமாக இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று தெரிந்தும் ஒரு மனிதன் தன் சாவைத் தானே அறிவிக்கிறான் என்றால், வேஷத்தை வெறும் வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. (வாசலில் நுழையும்போதே, அடிபட்டால் வழக்காட மாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

மன்னர் பதவியும் இந்தப் பிரம்படியால்தான் தீர்மானமாகிறது. வம்சமும் கிடையாது, வோட்டும் கிடையாது. மகுடப் பந்தயத்தில் எல்லோரையும் வென்றவர் முதலில் யுவராஜாவாகிறார். யாருடைய கௌரவத்துக்காகப் போரிட்டாரோ அவர் யுவராணியாகிறார். சில மாதம் கழித்துப் பட்டாபிஷேகம், பிறகு சுமார் ஆறு மாத ஆட்சி. எங்கள் மன்னர்களில் ஒருவர் வாரநாட்களில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். சிம்மாசனத்தைத் தாமே மடக்கி வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சபை கூட்டுவார். தவணை முடிந்ததும் மகுடத்தைக் கழற்றி அடுத்தவர் தலையில் வைத்துவிட்டு, கோமகன் என்ற பட்டத்தோடு கூட்டத்தில் கலந்துவிடுவார். அமர்ந்தவர் சொன்ன தேதியில் எழுந்து கொடுத்துவிடுவது சிம்மாசனங்களின் சரித்திரத்தில் எவ்வளவு அபூர்வம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

தங்கள் சரித்திர புத்தி இதற்குள் ஓர் ஆக்ஷேபம் எழுப்பியிருக்கும்: "எல்லோரும் பிரபுக்கள் என்றால் உழுதவன் யார்?" நானும் அதையேதான் கேட்டேன். சங்கத்து மரபுப்படி, சேருகிற ஒவ்வொருவரும் பிறவியிலேயே சிறு பிரபு குலத்தவராகப் பாவிக்கப்படுகிறார். ஆகவே பண்ணையடிமையும் இல்லை, வரி வசூலிப்பவனும் இல்லை, கொள்ளை நோயும் இல்லை. இடைக்காலம் எப்படி இருந்ததோ அப்படியன்று, எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி அதை நடத்துகிறோம் என்று இவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் உழுபவன் இல்லாவிட்டாலும் பாத்திரம் தேய்ப்பவர் வேண்டுமல்லவா? முன்னாள் ராணி ஒருவர், சரிகைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டுக்கொண்டு, அடிப்பிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்ததைக் கண்ணாரக் கண்டேன். வாசலில் உட்கார்ந்து பணம் வாங்குவதும், கூடாரம் கட்டுவதும், எச்சில் மேஜை துடைப்பதுமாக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு 'பெலிக்கன்' என்றொரு பட்டம் உண்டு. வாட்போரில் தேர்ந்த நைட்டுக்கு என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து இந்த அண்டா தேய்த்தவருக்கும் சபையில் உண்டு. அசல் இடைக்காலத்தில் இது நடந்ததாக எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதவில்லை.

இனி விருந்தைப் பற்றி. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் கியூரி' என்னும் பாகசாஸ்திரம்தான் இவர்களுக்கு வேதம். சோற்றை வாதுமைப் பாலில் குழைய வேகவைத்து, சேவல் இறைச்சியைக் கிழித்துப் போட்டு, மேலே சர்க்கரையும் தூவி ஒரு பதார்த்தம் பரிமாறினார்கள். அதைப் பற்றி என் அபிப்பிராயத்தை எழுதுவது அதிதி தர்மத்துக்கு ஏற்றதன்று. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் மேஜையில் கிடையாது; இவை கொலம்பஸ் பயணத்துக்குப் பிறகே ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தவையாதலால் ஆசாரக்காரர்கள் விலக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மண்ணில், அமெரிக்கர்கள் கூடி, அமெரிக்காவில் பிறந்த காய்களையெல்லாம் தீட்டு என்று ஒதுக்கும் விந்தையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆனால் சமையற்கட்டுக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இஞ்சி, மிளகு, பட்டை, கிராம்பு போதாதென்று, திப்பிலியும் சித்தரத்தையும் ஜாடி ஜாடியாக வைத்திருந்தார்கள்! நமக்குக் கபம் கட்டினால் பாட்டி இடித்துக் கொடுத்த சரக்குகளை அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபுக்கள் பொன் கொடுத்து வாங்கி உல்லாசமாகத் தின்றிருக்கிறார்கள்.

நான் யாராக வேஷம் தரிப்பது என்ற சிக்கலும் இந்த மிளகினால்தான் தீர்ந்தது. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, நமக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் அல்லவா? ஆகவே நான் காயல் பட்டினத்து முத்து, மிளகு வியாபாரியாகிவிட்டேன். அந்த நாட்டில் தையற்காரனே கிடையாது என்று அந்த மகானுபாவர் எழுதி வைத்தது எனக்குப் பெரிய உபகாரமாயிற்று. மற்றவர்கள் மாதக்கணக்கில் ஊசியால் விரலைக் குத்திக்கொள்ள, நான் ஒரு வேஷ்டியும் உத்தரீயமுமாகப் போய் நின்று, ஆதாரபூர்வமான உடை என்று பாராட்டுப் பெற்றேன். ஜனவரி மாதக் குளிரை உத்தேசித்து உள்ளே அணிந்திருந்த கம்பளிக் கால்சட்டையைப் பற்றி மார்க்கோ போலோவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கோடையில் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஸ்லிப்பரி ராக் என்ற ஊருக்கு அருகே, 1972இல் தொடங்கிய பென்சிக் என்னும் மகாயுத்தம் இரண்டு வாரம் நடக்கிறது. பதினாயிரம் பேருக்கு மேல் கூடாரம் அடிக்கிறார்கள்; கடைவீதி, நாடகம், பாடம், நடனம் எல்லாம் உண்டு. சில போர்களில், செத்தவர்கள் ஓரமாகப் போய் உயிர் பெற்றுத் திரும்பலாம். போகிற வழியில் உப்புச் சத்துக்காக வெள்ளரி ஊறுகாய் கொடுத்து உபசரிக்கிறார்கள். வரிசையாக நிற்கும் நீல நிறப் பிளாஸ்டிக் கழிப்பறைகளை மட்டும் எந்த நூற்றாண்டில் சேர்ப்பது என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மாசி மாதம் வரும் விருந்துக்கு மிளகு ரசம் வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். தக்காளியும் மிளகாயும் இல்லாத வஸ்துவாதலால் சமையல் தலைவிக்குப் பரம திருப்தி. ஆனால், "1600ஆம் ஆண்டுக்கு முன் இது இருந்ததற்கு ஏட்டுச் சான்று எங்கே?" என்று கேட்கிறார். சோழர் காலத்துக் கோயில் சாசனங்களில் அமுதுபடிக்கான மிளகு, சீரகம், புளி எல்லாம் அளவோடு குறித்திருப்பதைக் காட்டினேன். "சாமான்கள் இருந்தன, சரி, அவற்றை ஒன்றாகக் கொதிக்க வைத்தார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று மடக்கிவிட்டார். தங்கள் அலமாரியிலுள்ள சாசனத் தொகுதிகளைத் தயவுசெய்து ஒரு முறை புரட்டி, கிடைப்பதை நகல் எடுத்து அனுப்பி வையுங்கள். சித்தியிடமும் கேளுங்கள். காலங்காலமாக வைத்து வருகிறோம் என்று சித்தி சொல்லும் பதில் இங்கே செல்லுபடியாகாது என்பதை மட்டும் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள மகன்,
காயல் பட்டினத்து வியாபாரி