பட்டி பார்த்தால் துரு போகுமா?

கே: என் பிரீமியர் பத்மினியின் கதவு அடியில் இத்துப்போய் ஓட்டை விழுந்துவிட்டது. பட்டி பார்த்து மூடிவிடலாமா?
– ஈரோடு வாசகர்

ப: கூடவே கூடாது! துருவை அடியில் விட்டுப் பட்டி பூசுவது, திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுகிற வேலை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். இரும்பு துருவானால் பருமன் பெருகும். மேலே உள்ள பட்டியையும் பெயின்ட்டையும் தள்ளிக்கொண்டு கொப்புளமாக வெளியே வரும்.

ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்குகிற இடமெல்லாம் போன இடம். பளபளவென்று நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எறியுங்கள். அட்டையில் அளவெடுத்து, 20 கேஜ் தகட்டில், அதாவது சுமார் 0.9 மி.மீ. கனத்தில், ஒரு துண்டு வெட்டிப் பொருத்துங்கள். மிக் வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு சூட்டில் நெளியும். இங்கே ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு, ஆறவிட்டு அடுத்த பொட்டு. பொறுமைசாலிக்கே வழவழப்பான கதவு! பிறகு தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, மேடுபள்ளம் தீர மெல்லிசாகப் பட்டி பாருங்கள். பட்டிக்கு அவ்வளவுதான் வேலை.

கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறக் கதவின் அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் உண்டு. அவற்றில் மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். அந்த ஓட்டைகளை மட்டும் மூடிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

கே: பெயின்ட் அடிக்க நல்ல நாள் எது?
– கும்பகோணம் வாசகி

ப: மழை பெய்யாத நாள்.

கே: பழைய கார் வாங்கும்போது பட்டி ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– திருச்சி வாசகர்

ப: துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் நின்று விலை பேசுங்கள்.

கே: டெல்லி இரும்புத்தூண் 1,600 வருஷமாக நிற்கிறது. என் கார் மட்டும் ஏன் இப்படி?
– நாகப்பட்டினம் வாசகர்

ப: தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது. தவிர, அதை யாரும் நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் நிறுத்தி வைக்கவில்லை.

கே: துருவை மாற்றும் திரவம் பலிக்குமா?
– சேலம் வாசகர்

ப: மேல்துருவுக்குப் பலிக்கும். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இல்லாத தகட்டை எந்தத் திரவமும் வரவழைக்காது.

கே: புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு ஏற்ற பழைய கார் எது?
– தாம்பரம் வாசகர்

ப: ஸ்டாண்டர்டு ஹெரால்டு! 1961 முதல் சென்னையில் தயாரான நம் ஊர் வண்டி. தனி சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடி. கழற்றித் திண்ணையில் வைத்தே வேலை பார்க்கலாம். இந்த வண்டியைப் பற்றி எத்தனை பேர் கேட்டாலும் சலிக்காமல் சொல்வேன்.

கே: அப்பா ஓட்டிய அம்பாசடர். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு உதிர்கிறது. வெல்டிங் இப்போதுதான் பழகுகிறேன். நானே செய்யலாமா?
– மதுரை வாசகர்

ப: வேண்டாம். அம்பாசடரில் தனி சேசிஸ் இல்லை. பாரம் தாங்குவதும், மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பதும் அந்தத் தகடுகள்தான். சரியாக முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும், கதவு சேராது. அனுபவமுள்ள டிங்கர் ஒருவரை வீட்டுக்கே அழைத்து, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். வண்டிக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பாட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை இறக்கி வெளியே தூரமாக வைக்காமல் யார் வெல்டிங்கைத் தொட்டாலும், தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்துங்கள்.