உட்காராமலே ஜென் ஞானி ஆவது எப்படி?

முதலில் ஒரு புத்தர் சிலை வாங்குங்கள். கடைக்குப் போகும்போது கொஞ்சம் கவனம் தேவை. தொப்பையும் தொங்கும் காதுமாக, தோளில் மூட்டையோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாரே, அவர் புத்தர் அல்லர். பத்தாம் நூற்றாண்டுச் சீனாவில் ஊர் ஊராகத் திரிந்த பூதாய் என்ற துறவி. இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் அவதாரம் என்று சீனர்கள் அவரைக் கும்பிட்டார்கள். நாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, வயிற்றைத் தடவினால் பணம் கொட்டும் என்று நம்புகிறோம். கௌதமர் பட்டினி கிடந்து விலா எலும்பு தெரிய இளைத்த மனிதர். ஜென்காரர்களுக்குப் பிடித்த புத்தரைப் பார்க்க வேண்டுமானால், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியாங் காய் வரைந்த ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். மழிக்காத தாடி, காற்றில் பறக்கும் சிவப்புத் துணி, குளிரில் கூனிய தோள். தவத்தை முடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிறார். முகத்தில் வெற்றிக்களை எதுவும் இல்லை, சாந்தப் புன்னகையும் இல்லை. வரவேற்பறையில் மாட்டினால் வந்த விருந்தாளி உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். ஆகவே கண்ணை மூடிச் சிரிக்கும் சிலையே போதும்.

சிலை வந்துவிட்டதா? அடுத்த வேலை, புத்தரை மட்டம் தட்டப் பழகுவது. ஜென்னில் இதற்குச் சரக்கு ஏராளம். வழியில் புத்தரைக் கண்டால் வெட்டிப் போடு என்றவர் லின்ஜி, ஒன்பதாம் நூற்றாண்டு ஆசான். குரு, தாய், தந்தை எல்லோரையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். புத்தர் என்றால் என்ன என்று கேட்டவனிடம் யுன்மென் சொன்ன பதில், மலம் துடைக்கும் காய்ந்த குச்சி. பிறந்த உடனே புத்தர் ஏழடி நடந்து, விண்ணிலும் மண்ணிலும் தானே பெரியவர் என்று அறிவித்தார் என்ற கதையைக் கேட்டபோது, நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் ஒரே அடியில் கொன்று நாய்க்குப் போட்டிருப்பேன் என்றாராம் அதே மனிதர். நண்பர்கள் கூடும் இடத்தில் இதில் ஒன்றை எடுத்து விட்டால் போதும், அன்றைக்கு நீங்கள்தான் நாயகன். இவர்கள் எல்லோரும் தலை மழித்து மடத்துக் கட்டுப்பாட்டில் ஆயுளைக் கழித்தவர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சுவாரசியம் கெட்டுவிடும்.

தான்ஷியாவின் கதையும் கைவசம் இருக்கட்டும். தாங் அரச மரபுக் காலம், கடுங்குளிர். ஒரு மடத்தில் இரவு தங்கியவர் அங்கிருந்த மரப் புத்தரை எடுத்து அடுப்பில் போட்டுக் குளிர் காய்ந்தார். மடத்தலைவர் அலறிக்கொண்டு ஓடி வந்தார். தான்ஷியா கைத்தடியால் சாம்பலைக் கிளறியபடி, புத்தரின் அஸ்தி மணிகளைத் தேடுகிறேன் என்றார். மரத்துக்குள் ஏதய்யா அஸ்தி என்று தலைவர் சீறினார். அப்படியானால் மிச்சமிருக்கும் இரண்டையும் கொடுங்கள், எரிக்கலாம் என்றார் இவர். கதைப்படி புருவம் உதிர்ந்து போனது எரித்தவருக்கு அல்ல, சிலைக்காகச் சண்டை போட்டவருக்கு. கேட்க ஜோராக இருக்கிறதே என்று உங்கள் சிலையில் கை வைக்க வேண்டாம். பிளாஸ்டர் எரியாது, பிசின் வார்ப்பு என்றால் நாற்றம் தாங்காது.

சரி, புத்தர் அப்படி என்னதான் போதித்தார் என்று யாராவது மடக்கினால்? துக்கம், துக்கத்தின் காரணம், அதன் முடிவு, முடிவுக்கான வழி என்று நால்வகை உண்மையை விளக்க ஆரம்பித்தால் எட்டு அங்கம் வரைக்கும் போக வேண்டி வரும். தேவையில்லை. பேசாமல் ஒரு பூவைத் தூக்கிக் காட்டுங்கள். கழுகுமலையில் கூடியிருந்த கூட்டத்துக்கு முன்னால் புத்தர் அதைத்தான் செய்தார், எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள், மகாகாசியபர் மட்டும் புன்னகைத்தார், ஜென் அங்கே பிறந்தது என்பார்கள். பாலி நூல்களில் இந்தக் கதை கிடையாது. புத்தருக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்குப் பின், சோங் காலச் சீனாவில் எழுந்த ஏடுகளில்தான் தலைகாட்டுகிறது. 1228இல் இதைத் தன் தொகுப்பில் சேர்த்த வூமென், கதைக்குக் கீழேயே புத்தரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்குகிறார்: ஆட்டுத்தலையை முன்னால் தொங்கவிட்டு நாய்க்கறி விற்ற ஆளாம். கூட்டத்தில் அத்தனை பேரும் சிரித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்றும் கேட்கிறார். எனக்கு இந்தக் கேள்வி பூவைவிடப் பிடிக்கும்.

பூ கிடைக்காவிட்டால் இதய சூத்திரம் இருக்கிறது. ஜென் மடங்களில் அன்றாடம் ஓதுவது. துக்கமும் இல்லை, காரணமும் இல்லை, முடிவும் இல்லை, வழியும் இல்லை என்று மேலே சொன்ன நான்கையும் வரிசையாக மறுத்துவிடுகிறது. ஆக, படிக்க வேண்டிய பாடமே ரத்து. ஆனால் அந்த ‘இல்லை’யைத் துறவிகள் நெட்டுருப் போட்டு, மரத்தாளத்துக்குப் பிசகாமல், இருட்டு விலகுமுன் எழுந்து ஓதுகிறார்கள். அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம்.

இடையில் பேச்சுத் தொய்ந்தால் ஜென்னின் ஆதிகுரு போதிதர்மரை இழுங்கள். ‘ஏழாம் அறிவு’ படம் வந்த 2011 முதல் அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பதில் நம் ஊரில் யாருக்கும் ஐயமில்லை. 547இல் எழுதப்பட்ட சீனக் குறிப்பு அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சி இல்லை. இதைச் சொல்லி வீண் பகை தேடிக்கொள்ள வேண்டாம். அவர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார் என்பதைப் பெருமையாகச் சொல்லலாம். நீங்கள் ஒன்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்தீர்களா என்று எவரும் கேட்கப்போவதில்லை.

அந்த உட்காருதல்தான் அடியோடு தவிர்க்க வேண்டியது. ஓர் ஊதுபத்தி எரிந்து தீரும் வரை, ஏறக்குறைய நாற்பது நிமிடம், உருண்டைத் திண்டின் மேல் அசையாமல் இருக்க வேண்டும். சோதோ பிரிவினருக்கு எதிரே சுவர். முதலில் கணுக்கால் மரக்கும், பிறகு முழங்கால் தனியாகப் பேசத் தொடங்கும், அதற்கும் பிறகு காலமெல்லாம் மறந்திருந்த பழைய சண்டை ஒவ்வொன்றும் வசனத்தோடு வரும். கண் சொக்கினால் தோளில் தட்டையான கோலால் ஓர் அடி. அடித்தவருக்குக் கைகூப்பி வணக்கம் வேறு. ஜப்பான் பக்கம் போவதாக இருந்தால் டிசம்பர் 1 முதல் 8 வரை ஜென் மடங்களை எட்டியும் பார்க்காதீர்கள். விடிவெள்ளியைக் கண்டு புத்தர் ஞானம் பெற்ற நாளை அவர்கள் எட்டாம் தேதி கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டம் என்றால் விருந்து அல்ல. ஒரு வாரம் பெரும்பாலும் தூங்காமல் உட்காருவது.

பசித்தால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அங்கும் புத்தர்தான். கிண்ணங்களைக் கட்டிய துணிப்பொதியைப் பிரிக்குமுன் கபிலவஸ்துவில் பிறப்பு, மகதத்தில் ஞானம், வாரணாசியில் உபதேசம், குசிநகரத்தில் மறைவு என்று நான்கே இடப் பெயரில் அவர் வாழ்க்கையை ஓதி முடிக்க வேண்டும். மதியம் என்றால், காக்கைக்குச் சோறு வைப்பது போல, பசித்த ஆவிகளுக்குச் சில பருக்கையை ஒதுக்க வேண்டும். பெரிய கிண்ணம் புத்தருடையது, அதில் வாய் வைக்கக் கூடாது. சாப்பிட்டதும் வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தை வழித்துக் கழுவி, கழுவிய நீரில் ஒரு பங்கைக் குடிக்க வேண்டும்.

அடுக்களையாவது நிம்மதியாக இருக்கும் என்று முதலில் நினைத்து ஏமாந்தவர் ஜப்பானியத் துறவி தோகென். 1223இல் சீனக் கரையில் கப்பலிலேயே காத்திருந்த இருபத்து மூன்று வயது இளைஞர். அசோகர் பெயர் தாங்கிய மலை மடத்திலிருந்து அறுபத்தோரு வயதுச் சமையல்காரத் துறவி ஒருவர், மறுநாள் சூப்புக்குக் காளான் வாங்க வெகுதூரம் நடந்து கப்பலுக்கு வந்தார். இரவு தங்கிப் பேசலாமே என்றார் தோகென். சமையல் கெட்டுவிடும் என்றார் அவர். இந்த வயதில் தியானமும் படிப்பும் இருக்க எதற்கு இந்த அடுப்படி வேலை என்றார் தோகென். கிழவர் வாய்விட்டுச் சிரித்து, அயல்நாட்டுத் தம்பிக்குப் பயிற்சி என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் காளானோடு கிளம்பினார். தோகென் அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஊர் திரும்பி, மடத்துச் சமையல்காரருக்கென்றே தனி நூல் எழுதினார். அரிசியில் கல் பொறுக்குவதுகூட அதில் உண்டு.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் குறுக்குவழி. ஒற்றைக் கையின் ஓசை என்ன என்று ஜென் ஆசான் ஹகுயின் கேட்டாரே, அது போன்ற புதிர்களுக்கு விடைப் புத்தகம் உண்டா? உண்டு. 1916இல் சொந்தப் பெயர் போடாத ஒருவர் ஜப்பானில் வெளியிட்டார், 1975இல் ஆங்கிலத்திலும் வந்தது. வாங்கி மனப்பாடம் செய்யலாம். ஒரே ஒரு இடைஞ்சல். விடையைக் குருவின் அறைக்குள் போய், தரையில் விழுந்து கும்பிட்டு, முகத்துக்கு முகம் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருக்கும் சிறு மணியை எடுத்து அடிப்பார். அடித்தால் வெளியே போ என்று பொருள். புத்தகத்தில் இப்படித்தானே இருக்கிறது என்று வாதாடும் வழக்கம் கிடையாது, வெளியே வரிசையில் அடுத்தவர் காத்திருப்பார். திரும்பவும் அதே திண்டு, அதே முழங்கால். ஆகவே புத்தகத்தை அலமாரியில் சிலைக்குப் பக்கத்தில், முதுகுப் பெயர் வெளியே தெரியும்படி வையுங்கள்.