சுட்ட மரம் வேண்டுமா?

பண்ருட்டியில் எங்கள் தாத்தா வேலிக்கால் நடுவதற்கு முன் அதன் அடிமுனையைத் தென்னைமட்டைத் தீயில் புரட்டிப் புரட்டிக் கருக்குவார். கரியைப் பூஞ்சை தின்னாது என்பது அவர் கணக்கு. கரித்தோல் வெடித்தால் ஈரம் உள்ளே போய்விடும் என்பது அந்தக் கணக்கில் வராது. அதனால் சில கால்கள் மண்மட்டத்தில் இற்றுப்போய், மேலே மட்டும் மிடுக்காக நிற்கும். இதையெல்லாம் தொழில்நுட்பம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. விறகு வீணாகிறது என்று பாட்டி சொன்னாள், அவ்வளவுதான்.

இப்போது தம்பி மகன் கிழக்குக் கடற்கரைச் சாலை வீட்டின் மொட்டைமாடியில் சுட்ட மரப்பலகை பதித்திருக்கிறான். சுட்டது ஃபின்லாந்தில். 1990களில் அந்நாட்டின் வி.டி.டி. ஆய்வு மையம் உருவாக்கிய முறை. பைன் பலகையைச் சூளையில் அடுக்கி, தீப்பற்றாமலிருக்க நீராவியைச் செலுத்தி, 212 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். மருந்து ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் சிதைந்துபோவதால் பூஞ்சைக்குத் தீனி குறைகிறது. காற்றிலிருந்து மரம் இழுக்கும் ஈரமும் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் குணம் பெரிதும் அடங்குகிறது. வைரம் பாய்வதற்காகத் தாத்தா ஒரு பலாவை ஆயுள் முழுக்கக் காவல் காத்தார். வெளிறிய பைனுக்கோ சூளையில் சில நாள் இருந்தாலே தேக்கு நிறம் வந்துவிடுகிறது.

நிறம்தான் வந்தது, வைரம் வரவில்லை. சுட்டதில் வளைவைத் தாங்கும் வலு 30 சதவீதம் வரைகூடக் குறையும். ஆகவே தூணுக்கும் விட்டத்துக்கும் ஆகாது. வேலைக்கு வந்த ஆசாரி பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் முணுமுணுத்தார்: "தக்கையா இருக்குங்கய்யா. ஓரத்துல ஆணி வச்சா அப்பளமா நொறுங்குது." முதலில் துளை போட்டு, பிறகு துருப்பிடிக்காத திருகு முடுக்கினார். கரையானுக்கும் இது விலக்கில்லையாம். கரையானே இல்லாத நாட்டில் சுட்ட மரத்துக்கு அந்தக் கவலை எதற்கு? எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த நிபந்தனை, பலகை மண்ணைத் தொடக்கூடாது என்பது. தாத்தா மரத்தைச் சுட்டதே மண்ணில் நடுவதற்காக!

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று தை பிறப்பதற்குள் வாசற்கதவுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியாக வேண்டும். கையில் பட்டால் தோல் உரியும் எண்ணெய் அது. பேரன்கள் தப்பி ஓடுவோம். கதவு கொஞ்சம் சாம்பல் பூத்தாலும் பாட்டி, "வீட்ல ஆம்பளைங்களே இல்லையா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். இந்த மரத்துக்கும் எண்ணெய் வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமி கலந்தது. அதையும் விடாமல் மறுபூச்சு பூசிவர வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தேக்கு நிறம் நம் வெயிலில் சாம்பலாகிவிடும்.

தம்பி மகன் பூசவில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போனதும் மாடி முழுக்கச் சாம்பல். பலகை விற்றவரைக் கூப்பிட்டுக் காட்டினால், அவர் முகம் மலர்ந்து, "சில்வர் கிரே சார், இப்ப இதுதான் ஃபேஷன்" என்றார்.

"பெரியப்பா, இந்தக் கலருக்காகவே வெளிநாட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்களாம்" என்றான் இவனும்.

பண்ருட்டி மாட்டுக்கொட்டகையில் அதே நிறத்தில் பலகைகள் நிறையவே கிடக்கின்றன. என்ன விலைக்குப் போகும் என்று அவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.