கை கொடுக்காதீர்கள்

மோதிர மாமா உங்கள் கையைப் பிடித்தால் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அளவு எடுக்கிறார்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுப்பார். கொடுத்த கையை விடமாட்டார். அவருடைய இரண்டு விரல்கள் மட்டும் மாப்பிள்ளையின் மோதிர விரல் கணுவை ஒரு சுற்றுச் சுற்றி வரும். "இருபது" என்பார். மொய்த்தொகையைச் சொல்கிறார் என்று மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிடும். மீதிச் சில்லறை நீட்டும் கண்டக்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ், யாரும் தப்பியதில்லை. போன மாதம் எதிர் வீட்டுப் பெரியவர் தவறிப்போனார். மாமா போய் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இவருக்குள் இப்படி ஓர் ஈரமா என்று எனக்கே கண் கலங்கியது. வாசலுக்கு வந்ததும் காதோரம் சொன்னார்: "பத்தொன்பது வருது தம்பி. அழுத வீக்கத்துக்கு ஒண்ணு கழிச்சுக்கணும்."

முப்பது வருஷம் வங்கியில் காசு எண்ணியவர். ஓய்வு பெற்றதும் பழிவாங்குகிறார். பழைய வெள்ளிக் காசை மோதிரமாக்குவார். நடுவில் ஓட்டை போட்டு, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார். வெள்ளி அப்போதுதான் இளக்கம் கொடுக்குமாம். பிறகு கூம்பு மாதிரி இருக்கும் இரும்புக் கம்பியில் செருகி, ஊர் கண்ணயரும் மதிய நேரம் பார்த்து மரச் சுத்தியால் தட்டுவார். தட்டைக் காசு குடை மடங்குவதுபோல் மெல்ல மடங்கி வளையமாகும். அந்த நேரத்து முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வராது. தாமரை போட்ட பழைய மஞ்சள் இருபது பைசாவில் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மாவே செய்து கொடுக்கிறார்.

"2011 நாணயச் சட்டப்படி காசை உருக்கினாலோ அழித்தாலோ ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், மாமா."

"நான் எங்க உருக்கினேன்? ஓட்டைதானே போட்டேன். 1943ல அரசாங்கமே ஓட்டைக் காலணா அடிச்சுதே, அதைக் கேட்டியா?"

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த ஜார்ஜ் மன்னர் ரூபாயைத்தான் பொறுக்க முடியவில்லை. 1911ஆம் வருஷத்து ரூபாய், 11.66 கிராம். மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கமே திரும்ப வாங்கி உருக்கிய ரகம். தப்பிப் பிழைத்த ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பார்த்துவிட்டுத் தரச் சொல்லித்தான் கொடுத்தேன். மறுநாள் மோதிரமாக வந்தது. யானை ஓட்டையோடு போனதோ, மடிப்பில் நசுங்கியதோ, காணவில்லை. வெட்டி எடுத்த மன்னர் தலையை மட்டும் விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்துக் கையில் வைத்தார். வைக்கும்போதும் விரலைத் தடவிப் பார்த்தார்.

அந்த மோதிரம் என் கட்டைவிரலில்கூட நிற்கவில்லை. கயிறு கோத்து மோட்டார் ரூம் சாவிக்குப் போட்டிருக்கிறோம்.