யப்பான் மீனும் யவனச் சோனகனும்

மாரியில் கடல் குமுறத் தொடங்கினால் எங்கள் ஊர் வள்ளங்கள் கரையேறிவிடும். கீரியும் பாரையும் கிடந்த பாலமுனைச் சந்தி மீன் பலகையில் அப்போது சாம்பல் நிற மீனொன்று வந்து படுத்திருக்கும். போன கிழமையும் படுத்திருந்தது.

"என்ன மீன் தம்பி?"

"யப்பான் மீன் காக்கா. விடிய வந்தது, பச்ச மீன்."

"யப்பான்ல இரிந்தா வந்த?"

"இங்கினியாகலக் குளத்தில இரிந்து காக்கா. யப்பான்ல இரிந்து வந்தா இந்த விலைக்குத் தருவனா?"

நியாயம்தான். ஒரு கிலோ வாங்கினேன். மீன் புளியாணத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த மீன் யப்பானில் பிறந்ததில்லை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகள்தான் அதன் தாய்வீடு. வில்ஹெல்ம் பீற்றர்ஸ் என்ற ஜேர்மன்காரர் 1840களில் மொசாம்பிக்கில் சுற்றித் திரிந்து, பிடித்தவற்றைப் பேர்லினுக்குக் கொண்டுபோய், 1852இல் இதற்கு 'மொசாம்பிகஸ்' என்று பெயர் எழுதினார். 1939 வாக்கில் அது கடவுச்சீட்டு இல்லாமல் யாவாத் தீவின் கரையில் தலைகாட்டியது. 1952இல் இலங்கைக் குளங்களில் இறக்கினார்கள். அதே ஆண்டில் இந்தியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே தமிழ்நாட்டுக்காரர்கள் அதை 'ஜிலேபி' ஆக்கிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்தது ஓரிடத்தில் யப்பான்காரன், இன்னோரிடத்தில் இனிப்புப் பண்டம்.

மீனைப் பார்த்துச் சிரித்த கையோடு என் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். தந்தையின் இனம்: இலங்கைச் சோனகர். ஆங்கிலத்தில் 'மூர்'. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை அப்படி அழைத்துப் பழகிய நாக்கோடு போர்த்துக்கேயர் 1505இல் இங்கே வந்து இறங்கினார்கள். தொழுகிற ஆளைக் கண்டதும் வாயில் இருந்த பெயரை நெற்றியில் ஒட்டினார்கள். 'சோனகர்' என்பது 'யவனர்' என்ற சொல்லின் பேரப்பிள்ளை. யவனர் என்றால் ஆதியில் கிரேக்கர். ஆக நான் ஆங்கிலத்தில் ஆப்பிரிக்கன், தமிழில் கிரேக்கன். என் மூத்தாப்பா வாழ்நாளில் கண்ட மிகத் தூரத்துத் தேசம் கல்முனைச் சந்தை.

ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் இருக்கிறோம். ஆப்பிரிக்க மீனுக்கு யப்பான் பெயர். அதை உரசிக் கழுவும் பாலமுனையானுக்கு ஆப்பிரிக்கப் பெயர்.

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. மீனுக்கும் மனிதனுக்கும் 'இனம்' என்ற ஒரே சொல்தான். பல இனங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டிக்கு உயிரியலில் 'பேரினம்' என்றும் பெயர். எங்கள் நாட்டில் பேரினம் என்றால் என்னவென்று உயிரியல் படிக்காத பிள்ளைக்கும் தெரியும்.

இந்தச் சொல் குழப்பம் தமிழன் செய்த பிழை அல்ல. விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கு ஆதிநூலாகக் கொள்ளப்படுவது சுவீடன்காரர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பதிப்பு. நைல் நதி மீன்களை வரிசைப்படுத்திய அதே நூலில் அவர் மனிதரையும் நான்கு கூறு போட்டார். ஐரோப்பியனை ஆள்வது அவனது ஒழுங்கு. ஆசியனை ஆள்வது வெறும் அபிப்பிராயம். ஆப்பிரிக்கனை ஆள்வது மனம்போன போக்கு. மீனுக்குச் செதில் எண்ணினார், மனிதனுக்குக் குணம் எண்ணினார். அதே நூலில் மீனுக்கு எழுதியதை அவருக்குப் பின் வந்தவர்கள் வரிவரியாகத் திருத்திவிட்டார்கள். மனிதனுக்கு எழுதியது இன்னும் பல கச்சேரிகளில் கோவைக்குள் உயிரோடு இருக்கிறது.

ஆப்பிரிக்க மீன்களுக்குப் பெயர் சூட்டிய கதை ஒரு தனி நாடகம். 1840இல் அன்ட்ரூ சிமித் என்பவர் தென்னாப்பிரிக்க மக்களிடம் கேட்டறிந்த ஒரு சொல்லுக்கு லத்தீன் சட்டை போட்டு 'திலாப்பியா' என்றார். அது சுவானா மொழிச் சொல். பொருள், மீன். "இது என்ன?" என்று துரை கேட்க, "மீன்" என்று அங்கே ஓர் ஆள் சொல்லியிருக்க வேண்டும். துரையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். உலகமே இன்று மீனை 'மீன்' என்று அழைத்து அதை அறிவியல் என்கிறது.

பிறகு பூலாஞ்சே. லண்டன் அருங்காட்சியகத்தில் சாராயச் சாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, 1909 முதல் 1916 வரை, ஆப்பிரிக்க நன்னீர் மீன்களுக்கு நான்கு பெருந்தொகுதிகள் எழுதினார். பெரிய உழைப்பு, மறுக்கமாட்டேன். ஆற்றில் வலை வீசியவனின் பெயரைத் தேடிப் பாருங்கள். சாடியில் மீனுக்கு இடம் இருந்தது, அவனுக்கு இல்லை.

1927இல் கிரஹாம் என்ற ஆங்கிலேயர் விக்டோரியா ஏரியை ஆராயப் போனார். ஏரிக்கரை மக்கள் 'ங்கெகே' என்று அழைத்து, தலைமுறை தலைமுறையாக ஆணம் காய்ச்சிய மீனுக்கு அவர் அறிவியல் பெயர் சூட்டினார்: 'எஸ்கியுலென்ற்றா'. உண்ணத் தக்கது என்று பொருள். கண்டுபிடிப்பு என்றால் இதுவல்லவா! 1950களில் அதே ஏரியில் நைல் கொடுவாவைக் கொண்டுவந்து விட்டார்கள். உண்ணத் தக்கது எதுவென்று அந்தக் கொடுவாவுக்கு லத்தீன் இல்லாமலே தெரிந்திருந்தது. நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் அழிந்தும் அருகியும் போயின. பலவற்றுக்கு அப்போது பெயர்கூட எழுதியிருக்கவில்லை.

இவ்வளவு ஏசிவிட்டேன். இனி அவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதையையும் கொடுத்துவிடுகிறேன்.

எதல்வின் டிரவாவஸ் என்று ஒரு பெண்மணி, அதே லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். பல்லையும் செதிலையும் மட்டும் பார்த்து எல்லாவற்றையும் 'திலாப்பியா' என்ற ஒரே பெட்டியில் அடைத்தது பிழை என்றார். பிள்ளையை யார், எப்படி வளர்க்கிறார்கள் என்று பாருங்கள் என்றார். தரையில் முட்டையிட்டுக் காவல் இருப்பவை ஒரு பக்கம். தகப்பனோ தாயும் தகப்பனுமோ முட்டையை வாயில் காப்பவை ஒரு பக்கம். தாய் மட்டும் வாயில் காப்பவை இன்னொரு பக்கம். 1983இல் பெருநூலாக எழுதி முடித்தார். எங்கள் யப்பான் மீன் மூன்றாவது வகை, 'ஓரியோகுரோமிஸ்'. தாய்மீன் முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டால் குஞ்சு பொரித்து நீந்தும்வரை இரையை ஏறக்குறைய மறந்துவிடும். வெளியே விட்ட பிறகும் ஆபத்து என்றால் வாயைத் திறக்கும், குஞ்சுகள் உள்ளே ஓடிவிடும்.

(எங்கள் சமூகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சமூகத்தை வாயில் வைத்துத்தான் காக்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் விழுங்கிவிடுவதால் அவர்களை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. காலையில் ஒரு கட்சி, வாக்கெடுப்பில் ஒரு கட்சி என்பதால் கலப்பினம் என்று வைத்துக்கொள்ளலாம்.)

பீற்றர்ஸ் வைத்த இடத்திலிருந்து தொடங்கி அந்த மீன் குரோமிஸ், திலாப்பியா, சாரொதரொடன், ஓரியோகுரோமிஸ் என்று நான்கு வீடு கண்டிருக்கிறது. இப்போது அதன் பெயருக்குப் பின்னால் இப்படி எழுதுவார்கள்: (பீற்றர்ஸ், 1852). அந்த அடைப்புக்குறி அழகுக்குப் போட்டதல்ல, விதி. முதலில் பெயர் வைத்தவர் போட்ட பெட்டி நிலைக்கவில்லை, பின்னால் இடம் மாற்றினார்கள் என்று பொருள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் முதல் பெட்டியே நிற்கிறது என்று பொருள். ஒரு மீனைப் பற்றிச் சொன்னதற்கு, சொன்னவன் பெயரும் ஆண்டும் என்றென்றும் பொறுப்பு.

எங்களைச் சாடியில் போட்டவர்களும் உண்டு. தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ஒரு கட்டுரை வாசித்து, சோனகர் இனத்தால் தமிழரே என்று தீர்ப்புச் சொன்னார். சோனகர் தரப்பில் ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907இல் நூல் எழுதி மறுத்தார். இருவரும் கொழும்பில் இருந்தார்கள், இருவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் சட்டசபை இருந்தது. எங்கள் பக்கத்துக் களியோடைக் கரையில் வயல் உழுதவனிடம் "நீ யார்?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "இவளவு தூரம் நடந்து வந்த நீங்க ஆரு வாப்பா, முதல்ல தண்ணி குடிங்க" என்றிருப்பான்.

பெட்டியால் என்ன கேடு, பெயர்தானே என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆண்டைச் சொல்கிறேன். 1990. அந்த ஆண்டு இலங்கை அரசு நன்னீர் மீன் வளர்ப்புக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோவதா என்று எழுந்த சமய எதிர்ப்புக்குத் தலைவணங்கி, 1994வரை அந்தப் பக்கமே திரும்பவில்லை. மீனின் உயிருக்கு உருகிய அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழரை அரச படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. கொன்றவர்கள் வேறுவேறு. இரண்டு இடத்திலும் கத்தியைத் தீட்டிக்கொடுத்தது அதே இன வரிசை. அரசு கைவிட்ட அந்த நான்கு ஆண்டும் திலாப்பியா குளங்களில் தானாகவே குஞ்சு பொரித்துக்கொண்டது. அதற்கு அமைச்சு தேவைப்படவில்லை, வாய் நிறையத் தாய் இருந்தாள்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அலை யாரிடமும் இனம் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆட்கள் பின்னால் வந்தார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதிப் பணத்தில் 500 வீடுகள் எழுந்தன. எந்த இனத்துக்கு எத்தனை என்று வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. ஆண்டுக்கணக்காக அந்த வீடுகளில் குடியிருந்தவை காடும் கறையானும். அவற்றின் விகிதாசாரத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை.

மீனும் இந்தக் கூத்துக்குத் தப்பவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் எங்கள் யப்பான் மீனை, தாயகத்தில் அழியக்கூடிய நிலையில் உள்ள இனமென்று சிவப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கே கொண்டுவந்து விட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து அது கரைந்துபோகிறது. அதே சங்கத்தின் நிபுணர் குழு, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலிலும் அதைச் சேர்த்திருக்கிறது. சொந்த ஆற்றில் அகதி, வந்த குளத்தில் ஆக்கிரமிப்பாளன். இந்த இரட்டைப் பட்டத்தை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? எங்களுக்கு அடிக்கடி கேட்கும். மேடைகளில், தேர்தலுக்கு முன்.

கடைசியாகத் தண்ணீர்க் கதை. கண்டம்விட்டுக் கண்டம் வந்த மீனைக் குளத்தில் இறக்கும்போது, தண்ணீருக்கு என்ன ஆகும் என்று எங்கள் கரையில் யாரிடமும் கேட்கவில்லை. 2020இல் அரசுக்குத் திடீரென்று தண்ணீர்ப் பாசம் வந்தது. கொரோனாவில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றது ஒரு நிபுணர் குழு. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது, உலகமும் புதைத்துக்கொண்டிருந்தது. இங்கே ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வந்தது: எரி. டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு சிசுவை, பெற்றோர் சம்மதிக்காமலே எரித்தார்கள். பொரளைக் கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அதைத் தவிர அந்தக் குழந்தைக்குக் கபன் இல்லை.

பிள்ளையை எப்படிக் காக்கிறது என்று பார்த்து மீனை வகைப்படுத்தலாம் என்றார் டிரவாவஸ். அந்த அளவுகோலை அரசுகளுக்கும் வைத்துப் பாருங்கள். ஆபத்து வந்தால் வாயைத் திறந்து குஞ்சை உள்ளே எடுப்பது மீன். எங்களுக்கு ஆபத்து வந்தபோது அடுப்பைத் திறந்தது அரசு. இதற்கு எந்தப் பேரினத்திலும் இடமில்லை.

2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் புதைக்க அனுமதித்தார்கள். தண்ணீர் அங்கேயும் மண்ணுக்கடியில்தான் இருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை, அரசாங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. 'அரசாங்கம்' என்ற சாடிக்குள் அத்தனை பேரும் மிதக்கிறார்கள். எந்தச் சாடி யாருடையது என்று வெளியே ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

எங்களுக்குப் புதுப் பெயர் வேண்டாம். மூர் என்றாலும் சோனகர் என்றாலும் சுபஹுத் தொழுகைக்கு எழும்பத்தான் போகிறோம். கேட்பது, குளத்து மீனுக்குக் கிடைத்த மரியாதை. அந்த வர்த்தமானிக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி போடுங்கள். ஆண்டு எங்களுக்கு மனப்பாடம், 2020. பெயரை நீங்கள் எழுதுங்கள்.