தானாக ஓடும் காரும் கேட்காமலே வழி சொல்லும் ஊரும்

எனக்குக் கார் கிடையாது. லைசென்ஸும் கிடையாது. மொபெட்டில் போனால்கூட பஸ் ஸ்டாண்டு நெருங்கியதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ரகம். ஆகவே ஓட்டுநர் இல்லாத காரைப் பற்றிப் படிக்க ஆரணியில் என்னைவிடத் தகுதியுள்ள ஆள் இருக்க முடியாது. ஓட்டத் தெரிந்தவனுக்கு அது எதற்கு?

"உங்களுக்கே ஓட்டத் தெரியாது. வண்டிக்கு நீங்க சொல்லித்தரப் போறீங்களா?" என்று வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. பதில் இல்லாத கேள்வி என்பதால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தொழிலில் நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். முந்திக்கு மயில், பார்டருக்கு அன்னம், உடலுக்குப் புட்டா என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி ஜக்கார்டு தறிக்கு அனுப்புவேன். ஓட்டை போட்ட அட்டைகளால் தறியை நடத்தும் வித்தையை ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்தார், பாபேஜ் என்பவர் அதே அட்டைகளைத் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார், ஆகவே கம்ப்யூட்டருக்குத் தறிதான் பாட்டி என்று படித்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். இந்த உறவுமுறையை எடுத்துச் சொல்லி டிசைனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுப் பார்த்தேன். "பாபேஜா? எந்தக் கடை?" என்றார் முதலாளி. அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

தானோட்டிக் காரைப் பற்றி எனக்கு இணையத்தில் பாடம் நடத்தியவர் செபாஸ்டியன் த்ரன். லேசான ஆள் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா, 2004-ல் மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வைத்தது. சுமார் 240 கிலோமீட்டர் தூரம். ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. இருப்பதில் நன்றாக ஓடிய வண்டி 12 கிலோமீட்டர்கூட முழுசாகப் போகாமல் மாட்டிக்கொண்டு நின்றது. இந்தத் தூரம் எவ்வளவு என்று ஆரணிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். எங்கள் ஊர்ப் பெயரில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. அது இருப்பது களம்பூரில். பெயரை நம்பி இறங்கியவர் ஆரணி வந்து சேர இன்னும் பத்துக் கிலோமீட்டர் போல வரவேண்டும். அதாவது 2004-ல் உலகத்திலேயே சிறந்த தானோட்டி வண்டி, ஸ்டேஷனில் ஆள் ஏற்றிக்கொண்டு ஊர் எல்லைவரை வந்திருக்கும். அடுத்த வருடமே த்ரன் குழுவின் 'ஸ்டான்லி' 212 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் ஓடி முடித்து 20 லட்சம் டாலர் பரிசைத் தட்டிக்கொண்டு போனது.

இதே த்ரன் 2011-ல் பீட்டர் நார்விக்கோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக வைத்தார். 1,60,000 பேர் பதிந்துகொண்டார்கள். சூட்டோடு சூடாக யுடாசிட்டி என்ற இணையப் பள்ளியைத் தொடங்கி, 2012 பிப்ரவரியில் தானோட்டிக் காருக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வீடியோவில் பெரும்பாலும் அவர் முகம் தெரியாது. ஒரு கை வந்து, பேனா பிடித்து, திரையில் எழுதும். ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலம். வேகத்தை முக்கால் வாசியாகக் குறைத்தால் பேச்சு புரிந்தது. கணக்கு எந்த வேகத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

முதல் பாடமே என்னை அசத்திவிட்டது. ஐந்தே கட்டங்கள் உள்ள ஓர் உலகம். பச்சை, சிவப்பு, சிவப்பு, பச்சை, பச்சை. அதில் ஒரு ரோபோ நிற்கிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. தெரியாததை அது ஒப்புக்கொள்கிறது! ஒவ்வொரு கட்டத்துக்கும் 0.2 என்று சமமாகப் பங்குபோட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு கண்ணைத் திறந்து பார்க்கிறது. சிவப்பு தெரிகிறது. சரி, சிவப்புக் கட்டங்களை 0.6-ஆல் பெருக்கு, பச்சையை 0.2-ஆல் பெருக்கு, மொத்தம் ஒன்று வரும்படி சரிசெய். இப்போது சிவப்புக்கு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, பச்சைக்கு ஆளுக்கு ஒன்பதில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்த பிறகும், 'என் கண்ணே தப்பாக இருக்கலாம்' என்று பச்சைக்கும் கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறது அந்த ஜீவன்.

ஆரணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது எப்பேர்ப்பட்ட அதிர்ச்சி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஊரில் யாரும் எதற்கும் 0.2 சொல்லமாட்டார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். கேட்கவே வேண்டாம், வண்டியை ஸ்லோ பண்ணினால் போதும். "நேரா போங்க, லெஃப்ட்ல ஒரு பட்டுக் கடை வரும், அங்க திரும்பி, ரைட்ல ஒரு பட்டுக் கடை வரும், அதுக்கு எதிர்ல." ஊரே பட்டுக் கடை. த்ரனின் ரோபோவாக இருந்தால் நின்ற இடத்திலேயே நாற்பது கட்டங்களுக்குச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். வந்தவரோ தலையாட்டிவிட்டு நேராகப் போய்விடுகிறார். சொன்னவருக்கும் சந்தேகம் இல்லை, கேட்டவருக்கும் இல்லை. இருவருமே வேறு வேறு இடத்தை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரியவரும்.

அடுத்தது நகர்தல். ரோபோவை ஒரு கட்டம் நகரச் சொன்னால் சரியாக நகர 0.8 வாய்ப்பு. ஒரு கட்டம் தாண்டிப்போக 0.1, போதாமல் நின்றுவிட 0.1. இதைப் பக்கத்து வீட்டு மாமாவிடம் சொன்னேன். மாமா பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். சாயங்காலமானால் நான் படிப்பதைப் பார்க்க வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னா தம்பி சொல்ற? ஸ்டாப்பிங்ல கரெக்டா நிறுத்தறது 0.8-ஆ? யாருப்பா அவன், சர்வீஸுக்குப் புதுசா?"

மாமாவின் அனுபவத்தில் தாண்டி நிறுத்துவது 0.6, முன்னாடியே நிறுத்துவது 0.4. ஸ்டாப்பிங்கில் நிறுத்துவது செக்கிங் இன்ஸ்பெக்டர் நிற்கும் நாட்களில் மட்டும்.

பிறகு கால்மன் வடிகட்டி. 1960-ல் ருடால்ஃப் கால்மன் எழுதியது. நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களே இதை வைத்துத்தான் தங்கள் இடத்தைக் கணக்கிட்டன. எதிரே வரும் வண்டி இதுவரை போன போக்கைப் பார்த்து, அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று ஊகிப்பது சாராம்சம். இதில் ஒரு சின்ன நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: போகிற வண்டி போன போக்கிலேயே போகும். நிலவுப் பாதையில் ஷேர் ஆட்டோ கிடையாது என்பதால் அங்கே இது செல்லுபடியானது. ஆட்டோவிலிருந்து நீளும் கை, திரும்பப் போவதையும் குறிக்கும், எச்சில் துப்பப் போவதையும் குறிக்கும், எதிர்ச்சாரியில் போகும் மச்சானுக்கு வணக்கத்தையும் குறிக்கும். மூன்றும் ஒரே சமயத்தில் நடந்ததையும் கண்டிருக்கிறேன்.

பாதை தேடும் பாடத்தில்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உரிய மரியாதை கிடைத்தது. 'ஏ ஸ்டார்' என்று ஒரு முறை. ஹார்ட், நில்சன், ரஃபேல் என்ற மூவர், ஷேக்கி என்ற ரோபோவுக்காக 1968-ல் எழுதியது. இலக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொண்டு தேட வேண்டும். குத்துமதிப்புக்கு ஒரே நிபந்தனை: உண்மையான தூரத்தைவிட அது ஒருபோதும் கூடிவிடக் கூடாது, குறைவாக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படியிருந்தால்தான் மிகச் சுருக்கமான வழி நிச்சயம் கிடைக்கும். "தோ, இங்கதாங்க, கூப்பிடு தூரம்" என்று மூன்று கிலோமீட்டரைக் காட்டும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்த நிபந்தனையை ஒருநாளும் மீறியதில்லை.

ஸ்டியரிங் பாடத்துக்குப் பெயர் பிஐடி: பி, ஐ, டி என்று மூன்று திருத்தங்கள் சேர்ந்தது. 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் சுக்கான் பிடிப்பவர்களைக் கவனித்து அதைக் கணக்காக எழுதினார். மினோர்ஸ்கி கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வந்திருந்தால் வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் தேர்கள் மாட வீதி சுற்றும். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிக்கும் ஆயிரம் பேருக்கும் இழுக்க மட்டும்தான் தெரியும். திருப்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்.

அவரைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளுயரச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் குனிந்தபடியே பின்னோக்கி நடப்பார். கையில் ஆப்பு வடிவக் கட்டை, வழுக்காமல் இருக்க வேண்டிய கட்டை. தேர் நடுவீதியை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கட்டையை ஆழமாகக் கொடுப்பார். இது 'பி'. இதை மட்டும் செய்தால் தேர் இந்தப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் அந்தப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் மாறி மாறி ஆடும் என்பது த்ரன் திரையில் போட்டுக் காட்டிய வளைகோட்டிலும் இருந்தது. ஆகவே திண்ணையை நோக்கி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதையும் பார்த்து, தேர் நேராகிவரும்போதே கட்டையை உருவிவிடுவார். இது 'டி'. போன வருடமும் முந்தின வருடமும் இந்தச் சக்கரம் இடப்பக்கமே இழுத்தது என்ற ஞாபகத்தில், இழுப்பதற்கு முன்பே ஒரு விரற்கடை கூடுதலாகத் தள்ளிவைப்பார். இது 'ஐ'. பாடத்திலும் கோணல் சக்கரம் உள்ள ஒரு காரைக் கொடுத்து இதைத்தான் செய்யச் சொன்னார்கள். இப்போது பல ஊர்த் தேர்களுக்கு இரும்பு அச்சும் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் கட்டைக்காரர் இல்லாமல் மூலை திரும்பிய தேரை நான் பார்த்ததில்லை. டன் கணக்கான மரத்தைக் கண்மதிப்பில் திருப்பும் அவருக்கு வருடக் கடைசியில் ஒரு வேட்டி, துண்டு. அதே கணக்கை ஸ்கிரீனில் போடுகிறவருக்கு மாதச் சம்பளம் பல லட்சம் என்கிறார்கள். இதையெல்லாம் மாமாவிடம் சொல்லவில்லை, ரத்த அழுத்தம் உள்ளவர்.

பாடம் முடிந்ததும் சிமுலேட்டர். 2017-ல் பார்சிலோனாவில் உருவான 'கார்லா'வை இறக்கினேன். என் லேப்டாப் அதைத் திறந்ததும் ஃபேனின் சத்தத்தில் பக்கத்து அறைத் தறிச் சத்தம் கேட்காமல் போயிற்று. அதில் தயாராகவே ஊர்கள் இருக்கின்றன. மழை பெய்ய வைக்கலாம், சூரியனை இறக்கலாம். என்ன ஊர் அது! ரோட்டில் வெள்ளைக் கோடு இருக்கிறது, கோட்டுக்குள் வண்டி போகிறது. ஜனங்கள் பிளாட்பாரத்தில் நடக்கிறார்கள். பார்க்கவே பயமாக இருந்தது.

நம் ஊர் ரோட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லையா என்றால், எடுத்திருக்கிறார்கள். ஹைதராபாத் ஐஐஐடிக்காரர்கள் தங்கள் ஊரிலும் பெங்களூரிலும் சாலைகளில் கேமராவோடு அலைந்து, 10,000 படங்களில் உள்ள பொருள்களை 34 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆட்டோவுக்குத் தனி வகை, விலங்குக்குத் தனி வகை. 'ரோடு இல்லை, ஆனால் வண்டி ஓட்டலாம்' என்பதற்கும் ஒரு வகை உண்டு. இதை எழுதியவர்கள் நிச்சயம் நம் ஆட்கள்தான். ஆனால் பாவு இல்லை. விடியற்காலையில் நெசவாளர் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டுப் பாவை நீட்டி, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்களே, அந்தப் பாவு. இடுப்பு உயரத்தில் ஆயிரக்கணக்கான இழைகள். கேமராவுக்கு அது சுவரா, நிழலா, காற்றா? ஓர் இழை அறுந்தால் அந்த நிமிடமே கார் கம்பெனியின் மொத்த முதலீடும் அறுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நானே பைத்தானில் சின்னதாக ஓர் ஆரணி செய்தேன். தெருவில் பாவு, பாதி ரோட்டில் காயும் நெல், டிவிஎஸ் எக்ஸ்எல்லை முழுதாக மறைத்துக்கொண்டு தானாக நகரும் அரிசி மூட்டைகள், நடுவில் படுத்திருக்கும் ஒரு மாடு. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நிச்சயமின்மை கொடுத்து, காரை பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தி, பக்கத்துச் சேவூருக்குப் போகச் சொன்னேன்.

அது கிளம்பவே இல்லை. ஒருத்தர் எங்கே போவார் என்று ஊகித்தது, சந்தேகப்பட்டது. அடுத்தவரை ஊகித்தது, மேலும் சந்தேகப்பட்டது. எல்லாச் சந்தேகமும் சேர்ந்து ரோடு முழுவதையும் அடைத்துவிட, போக வழியே இல்லை என்று பணிவோடு நின்றுவிட்டது. இதற்கு 2010-லேயே டிராட்மன், கிராவுசே என்ற இருவர் 'உறைந்துபோகும் ரோபோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் அழகானது: கூட்டத்தில் நீ நகர்ந்தால் மற்றவர்களும் கொஞ்சம் ஒதுங்குவார்கள் என்பதை ரோபோ கணக்கில் எடுக்கவில்லை.

தெரு முனை ஆட்டோக்காரருக்கு இதில் தனி சந்தோஷம். ஓட்டுநர் இல்லாத காரை இந்தியாவில் வரவிடமாட்டோம், வேலை போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லேயே சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். "அமைச்சர் எதுக்கு சார், அந்த மாடே போதும்" என்றார்.

மாமா ஸ்கிரீனைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். "தம்பி, ஹாரன் எங்க?"

வைக்கவில்லை. பாடத்திலும் இல்லை. அன்று ராத்திரியே எழுதினேன்: ஹாரன் அடித்துக்கொண்டு அரை அடி முன்னே நகர்ந்தால் எதிரே இருப்பவர் ஒதுங்க 0.7 வாய்ப்பு. டிராட்மனும் கிராவுசேயும் சொன்னதற்கு ஆரணி உரை. கார் கிளம்பியது. அரிசி மூட்டை ஒதுங்கியது, ஆட்டோ திட்டிவிட்டு ஒதுங்கியது, நெல்லை ஓரமாக ஒதுக்கினார்கள். பாவுத் தெரு வந்ததும் கார் தானே வேறு தெருவில் திரும்பிவிட்டது. மாமா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார்.

"மாட்டுக்கு எவ்ளோ போட்டிருக்க?"

"அதுக்கும் 0.7தான் மாமா."

"தப்பு. சைபர் போடு."

"சைபர் போட்டா வண்டி எப்படிப் போகும்?"

"எங்க வண்டி எப்படிப் போச்சு? கண்டக்டர் இறங்கி ஓட்டுவான்."

டிரைவர் இல்லாத காருக்கு இப்போது ஒரு கண்டக்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். விசில் சத்தத்துக்கு மட்டும் மாமா வந்து ரெக்கார்டிங் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.