ராத்திரி முழுக்க ஊறட்டும்

பழைய அம்பாசடர் எஞ்சினைப் பிரிக்கிறவர்களுக்கு பிஸ்டனும் கிராங்கும் பெரிய கவலை கிடையாது. போரிங் போட ஆள் இருக்கிறது, கிராங்கைக் கடைந்து கொடுக்கப் பட்டறை இருக்கிறது. வயிற்றைக் கலக்குவது எக்ஸாஸ்ட் பக்கத்து ஸ்டட்டுதான். மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டோடு பிடித்து நிற்கும் அந்த ஸ்டட்டு சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அது முறிந்து மீதித் துண்டு ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் மொத்த வேலையும் அங்கேயே நின்றுவிடும்.

பெட்ரோல் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடியது 1489 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியுடைய பி-சீரிஸ் வகை அது. அங்கே எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே வகை எஞ்சின் இருந்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, அதில் முறுக்கிய ஸ்டட்டு எஃகு. ஓடும்போது சூட்டில் விரியும், நின்றால் சுருங்கும். வருடக்கணக்கில் இப்படியே நடந்து, நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் மரைக்குள் துரு சேர்கிறது. இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் அந்த இடம் இல்லை. அதனால் இறுகிக்கொள்கிறது. அரை இஞ்சு ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டு அசையாது, ஸ்டட்டு முறுக்கிக்கொண்டு உடையும்.

1980களின் நடுவில் கோவையில் எங்கள் அப்பா டாக்ஸி ஓட்டினார். மார்க் 2 அம்பாசடர். எஞ்சின் வேலை வந்தால் கணபதியில் ஒரு மேஸ்திரியின் தகரக் கொட்டகைக்கு வண்டி போகும். பள்ளி லீவு நாட்களில் நானும் போவேன். மேஸ்திரியிடம் இருந்த சாமான் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கும்: ஸ்பேனர் செட், சுத்தியல், சென்டர் பஞ்ச், உளி, கையால் சுற்றும் ட்ரில், நாலைந்து டேப்பு. கேஸ் வெல்டிங் பக்கத்துப் பட்டறையில் இரவல்.

மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருந்தால் அவர் எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொட மாட்டார். முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு ஸ்டட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து, துணித்திரியில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டுவார். சின்ன சுத்தியலால் நட்டின் மண்டையில் மெதுவாகத் தட்டுவார். எண்ணெய் உள்ளே இறங்குவதற்காக அந்தத் தட்டல்.

"மேஸ்திரி, நாளைக்கு மேட்டுப்பாளையம் சவாரி இருக்குதுங்க" என்று அப்பா இழுப்பார்.

"சவாரி போனாப் போவுதுங்கண்ணா. ராத்திரி முழுக்க ஊறட்டும். ஸ்டட்டு ஒடைஞ்சா ஒரு வாரம் வண்டி நிக்கும், பாத்துக்கங்க."

காலையில் நட்டைச் சுற்றி டார்ச் காட்டுவார். நட்டு மங்கலாகச் சிவந்ததும் தீயை விலக்கி, மெழுகுவத்தியை மரை ஓரத்தில் வைத்து ஒரு இழுப்பு. மெழுகு உருகி, கண் முன்னாலேயே உள்ளே உறிஞ்சப்படும். பிறகுதான் ஸ்பேனர். அதையும் ஒரேயடியாகக் கழற்றும் பக்கம் இழுக்க மாட்டார். கொஞ்சம் இறுக்குவார், கொஞ்சம் தளர்த்துவார், மறுபடி எண்ணெய். கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிடும். சூடான ஹெட்டின் மேல் நான் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாதென்று, "தண்ணியக் கொண்டாந்துராத கண்ணு, ஹெட்டு விரிசல் உட்ரும்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்.

இத்தனைக்குப் பிறகும் சில ஸ்டட்டு உடையும். அப்போது லேத்துப் பட்டறைக்கு ஓடுவோம். மேனிஃபோல்டின் துளைக்குள் சரியாக உட்காரும் ஒரு புஷ், அதன் நடுமையத்தில் சின்னத் துளை. மேனிஃபோல்டைத் திரும்ப வைத்து, புஷ்ஷைச் செருகி, அதற்குள் ட்ரில் பிட்டை விட்டால் பிட்டு பக்கவாட்டில் விலக வழியே இல்லை. முதலில் சின்னது, பிறகு பெரியது. கடைசியில் மரையில் ஒட்டிய மெல்லிய சுருள் மட்டும் மிஞ்சும். அதை ஊசிமுனையால் நெம்பி எடுத்து, டேப்பு விட்டு மரையைச் சுத்தம் செய்வார். புது ஹெட் வாங்கும் வசதி எந்த டாக்ஸிக்காரருக்கும் கிடையாது. அந்த ஹெட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து 1978-ஆம் வருடத்து மார்க் 3 ஒன்றை வாங்கினேன். எஞ்சினைப் புதுப்பிக்க நகரில் நல்ல வசதியுள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கே இருந்த சாமான்களைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தேன். துருவைத் தளர்த்தும் ஸ்ப்ரே, நட்டை மட்டும் நொடிகளில் சூடாக்கும் இண்டக்‌ஷன் ஹீட்டர், இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட், எக்ஸ்ட்ராக்டர் செட், டிக் வெல்டிங். மேஸ்திரி கையில் இதில் பாதி கிடைத்திருந்தால் எத்தனையோ குடும்பத்தின் வருமானம் நிற்காமல் இருந்திருக்கும்.

ஆனால் வண்டி மூன்றாம் நாள் டெலிவரி என்று போர்டில் எழுதியாகிவிட்டது. அங்கே வேலை செய்த பையன் ஸ்ப்ரேயை அடித்தான், கை துடைத்துவிட்டு வந்து ஏர் கன்னை நேராக நட்டில் வைத்தான். ஸ்டட்டு ஹெட்டோடு மட்டமாக உடைந்தது. அதில் துளை போட்டு எக்ஸ்ட்ராக்டரை முறுக்கினார்கள். அதுவும் உள்ளே உடைந்தது. எக்ஸ்ட்ராக்டர் கடினப்படுத்திய எஃகு. வளைந்து கொடுக்காது, சாதாரண ட்ரில் பிட்டு அதன்மேல் ஏறாது. முதலில் உடைந்தது மேஸ்திரியின் கைட்ரில் எடுத்துவிடக்கூடிய ஸ்டட்டு. அதன்மேல் இப்போது யாராலும் துளைக்க முடியாத ஒரு பூட்டு.

அந்த ஹெட்டை மீட்டது கோவையின் டை (அச்சு) செய்யும் தொழில்தான். ஊரில் ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருக்கும் கூடங்கள் உண்டு. அச்சுகள் செதுக்கவும், உடைந்த டேப்பை எடுக்கவும் அவர்களிடம் போவார்கள். ஹெட்டை எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கி, உடைந்த துண்டுக்கு நேர்மேலே செம்புக் கம்பியை நிறுத்தினார்கள். கம்பி உலோகத்தைத் தொடாது. மயிரிழை இடைவெளியில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு துகளை அரித்தெடுக்கும். எஃகு எவ்வளவு கடினமானாலும் கவலையில்லை. எண்ணெயில் குமிழிகள் எழுந்துகொண்டே இருந்தன. சாயங்காலம் எக்ஸ்ட்ராக்டர் பொடியாகிப் போயிருந்தது, ஹெட்டின் மரை அப்படியே இருந்தது. அந்தக் கூடத்துக்காரர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

இரண்டு காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. அன்று உழைப்பெல்லாம் போல்ட் உடையாமல் இருக்கச் செலவானது. இன்று கருவிகளெல்லாம் உடைந்த போல்ட்டை எடுப்பதற்காக விற்கப்படுகின்றன. பையன்மேல் குறை சொல்ல மாட்டேன். மேஸ்திரிக்குக் கூலி மொத்த வேலைக்கும் பேசியது. எண்ணெய் ஊறும் நேரத்தில் அவர் வேறு வண்டியைப் பார்ப்பார். இன்று வண்டி நிற்கும் இடத்துக்கும் மணிக்கணக்குக்கும் பில் உண்டு. ஊறும் ராத்திரிக்குப் பணம் கொடுக்க யாரும் தயாராக இல்லை. அதனால் அந்த ராத்திரியே இல்லாமல் போய்விட்டது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்கும்போது டெலிவரி தேதியைக் கேட்காதீர்கள். எக்ஸாஸ்ட் நட்டுகளை முந்தின நாளே ஊற வைக்கச் சொல்லுங்கள், அந்த நாளுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். ஏர் கன்னை அந்த இடத்தில் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடைந்தே போனால், எக்ஸ்ட்ராக்டரை எடுப்பதற்கு முன் லேத்தில் ஒரு புஷ் கடைந்து நேராகத் துளை போடச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது பழைய ஸ்டட்டைப் போடாதீர்கள். புது ஸ்டட்டும் பித்தளை நட்டும் போடுங்கள். பித்தளை எஃகோடு துருப்பிடித்து ஒட்டாது. உங்களுக்குப் பிறகு அந்த எஞ்சினைத் திறக்கப் போகிறவர் ஸ்பேனரைப் போட்டதும் நட்டு கழன்று வரும்.